மாதாந்தக் கிளினிக்கும் விடியற்காலை வரிசையும்

கேள்வி: அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிறஷரும். மாதாமாதம் முதல் பஸ்ஸில் கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால், திரும்ப மத்தியானம் ஆகிறது. இந்தச் சனநெரிசலைக் குறைக்க வழியில்லையா? – வாசகி, தருமபுரம்

பதில்: சீனியும் பிறஷரும் சில மாதங்களாகக் கட்டுப்பாட்டில் இருந்தால், தருமபுரம் பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்குக்கு மாற்றித் தரும்படி வைத்தியரிடமே கேளுங்கள். அவர் தரும் கடிதத்தோடு கிளினிக் கொப்பி, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு, ஈசிஜி எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பலர் சறுக்குவது மருந்தில்தான்: எழுதிய குளிசை அங்கே இல்லையென்றால் அடுத்த மாதமே பழைய வரிசைக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே மாறுவதற்கு முன்பே அங்குள்ள மருந்தாளரிடம் மருந்துத் துண்டைக் காட்டி விசாரியுங்கள்.

வெறுவயிற்றில் சீனி பார்க்கும் நாளில் 8 முதல் 10 மணித்தியாலம் தண்ணீர் மட்டும். பஸ் ஏறமுன் ஒரு வாய் பிளேன்ரீ குடித்தாலும் (எங்கள் ஆட்களுக்கு அது சாப்பாட்டுக் கணக்கில் வராது!) முடிவு பிழைக்கும், இன்னொரு நாள் வரவேண்டும், வரிசையும் ஒன்றால் கூடும். நேரம் குறித்துத் தந்திருந்தால் அந்த நேரத்துக்கே போங்கள்.

நெஞ்சுவலி, ஒருபக்கம் கைகால் இழுப்பு என்றால் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். உடனே 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.