நாலரை மணி அலாரம்

கேள்வி: எனக்கு 44 வயது. கோவையில் வங்கி அதிகாரி. ஐந்து வருடம் தினமும் காலை 4.30க்கு அலாரம் வைத்து எழுந்து ரேஸ்கோர்ஸில் ஓடியவன். 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை 1 மணி 58 நிமிடத்தில் முடித்திருக்கிறேன். அப்பா பக்கவாதத்தில் படுத்ததும் ஓட்டத்தைத் தியாகம் செய்தேன். (காலையில் அவரைப் பார்த்துக்கொண்டது என் மனைவிதான். நான் எழும்போது டயப்பர் மாற்றி, கஞ்சியும் கொடுத்து முடித்திருப்பாள்.) 14 மாதம் படுக்கையில் இருந்து அப்பா தவறிவிட்டார். மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிறு பழைய நண்பர்களோடு 8 கிலோமீட்டர் ஓடினேன். மூச்சு பரவாயில்லை. ஆனால் கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. டிசம்பர் கோவை மாரத்தானுக்குள் பழைய வேகம் வருமா? மனைவியோ, “இப்பத்தானே வீடு கொஞ்சம் மூச்சு விடுது, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, ஓட்டத்தை விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவர்கள் எழுதும் கடிதம் எனக்குப் புதிதல்ல. முழங்கால், வயது, தொப்பை எல்லாம் வரும். உங்கள் கடிதத்தில் நான் மாட்டிக்கொண்டது அடைப்புக்குறிக்குள் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு சொல்லில். “நான் எழும்போது.”

எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?

ஐந்து வருடம் நாலரைக்கு அலாரம் அடித்தது. ரேஸ்கோர்ஸுக்கு அடித்த அலாரம் அப்பாவுக்கு ஏன் அடிக்கவில்லை? ஓட்டம் நின்றதால் தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமாயிற்றே, அது எங்கே போனது? அப்பாவின் கட்டிலுக்குப் போகவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். போர்வைக்குள் போயிருக்கிறது. நீங்கள் தியாகம் என்று எழுதிய இடத்தில் நான் தூக்கம் என்று படித்தேன்.

என் மாமியார் இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார், அதனால் அந்த வேலை எனக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகிலும் குதிகாலிலும் புண் வைத்துவிடும். டயப்பர் மாற்ற ஆளை ஒருக்களித்து, ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டே மறு கையால் துடைக்க வேண்டும். பக்கவாதம் வந்த பக்கம் நமக்கு ஒத்துழைக்காது, ஈர மூட்டை மாதிரி கனக்கும். கஞ்சியை அவசரமாக ஊட்ட முடியாது. தலையை நிமிர்த்தி வைத்து ஒரு கரண்டி, விழுங்கினாரா என்று பார்த்து இன்னொரு கரண்டி. புரையேறி நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

இதையெல்லாம் மாமனாருக்கு ஒரு மருமகள் செய்திருக்கிறார். அவருக்கும் கூச்சம், அந்தப் பெரியவருக்கும் கூச்சம். 14 மாதம் இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். பெற்ற மகன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் உடம்பைக் கழுவுவது மகனுடைய வேலை. பழைய பஞ்சாங்கம் என்று என்னைச் சொன்னாலும் சரி, இதில் நான் மாறப்போவதில்லை.

இனி உங்கள் கெண்டைக்கால்.

“மூச்சு பரவாயில்லை” என்றீர்களே, ஏமாந்தது அங்கேதான். வருடக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர்களை நிறுத்தச் சொல்லி அளந்த 1984 ஆய்வு ஒன்று உண்டு. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 21 நாளில் 7 சதவீதமும் 56 நாளில் 16 சதவீதமும் இறங்கியிருந்தது. உங்களுக்கோ 17 மாத இடைவெளி. திரும்ப ஓட ஆரம்பித்தால் இதயமும் மூச்சும் சில வாரங்களில் சுதாரித்துக்கொள்ளும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு ஆகும். மூச்சு போகலாம் என்னும்போது குதிகால் தசைநார் வேண்டாம் என்னும். பெரும்பாலோர் அடிபடுவது இந்த இடைவெளியில்தான். நண்பர்கள் பக்கத்தில் ஓடினால் கேட்கவே வேண்டாம், கால் பழைய வேகத்தைத் தேடிப் போகும். கொஞ்ச நாளைக்குத் தனியாகவே ஓடுங்கள்.

வலி முழுக்கப் போகும்வரை நடை மட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். அப்பாவுக்குப் பக்கவாதம், உங்களுக்கு 44 வயது, நாள் முழுக்க நாற்காலி. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் ஷூவைக் கட்ட வேண்டும். பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் வாரத்துக்கு மூன்றே நாள், அரை மணி நேரம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஓட்டத்தை வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, நடையைக் குறைத்துக்கொண்டே வந்தால், பத்து வாரத்தில் 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓடலாம். டிசம்பரில் அதற்குப் பெயர் கொடுங்கள். 21 கிலோமீட்டரை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

செவ்வாய், வியாழன், ஞாயிறு ஓடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் நாலு நாள் காலுக்கு ஓய்வு. அந்த நாலு நாளும் அதே நாலரைக்கு அலாரம் அடிக்கட்டும். எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போங்கள். பால் காய்ச்சுவதிலிருந்து டிபன் டப்பா மூடுவது வரை உங்கள் பொறுப்பு. ஆபீஸில் கோடிக்கணக்கில் கணக்குப் பார்க்கிறவருக்கு உப்புமா கிண்டத் தெரியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறீர்கள். வீடு மூச்சு விடுகிறது என்று அவர் சொன்னது அவருடைய மூச்சை. அதுதான் இன்னும் உங்களுக்குப் புரியவில்லை. 14 மாதம் ஆளைத் தூக்கிப் புரட்டிய முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களா? பிரஷர் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இந்தப் 14 மாதத்தில் அவர் எதையெல்லாம் விட்டார் என்றும் கேளுங்கள். கோயிலோ, தையல் வகுப்போ, அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருப்பதோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் அவர் பழக்கதோஷத்தில் நாலு மணிக்கே விழித்துக்கொண்டு சமையல்கட்டு வாசலில் வந்து நிற்பார். போய்ப் படுக்கச் சொல்லுங்கள். காபித்தூள் எங்கே, சர்க்கரை எங்கே என்று கூப்பிட்டு எழுப்பாதீர்கள். இன்றைக்கு ராத்திரியே டப்பாக்களைத் திறந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.