பழைய தேதி போட்ட ‘திருத்திய’ சான்றிதழை உயிர்ப்பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுக்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் இந்திய மளிகைப் பொருட்களை இறக்குமதி செய்து கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து வந்த என் 20 அடி கன்டெய்னரில் பச்சரிசி, துவரம் பருப்பு, வர மிளகாய், மல்லி, சில மண்பானைகள் உள்ளன. ஃபியூமிகேஷன் (பூச்சி கொல்லப் புகைமருந்து அடித்த) சான்றிதழில் கன்டெய்னர் எண் ஓர் இலக்கம் மாறியிருக்கிறது, பைட்டோ (தாவர நலச்) சான்றிதழில் தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு பற்றிய வாசகம் இல்லை என்று, வெளிநாட்டுப் பூச்சி, நோய் நுழையாமல் தடுக்கும் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் நிறுத்தி வைத்துள்ளனர். சப்ளையர், “பழைய தேதியிலேயே திருத்தி அனுப்புகிறேன்” என்கிறார். அதைக் கொடுக்கலாமா? அதுவரை சரக்கை என் கிடங்கில் வைக்கலாமா? செலவு யாருடையது?

பதில்: பழைய தேதி போட்டு வரும் எந்தத் தாளையும் கொடுக்காதீர்கள். உங்கள் கையில் இப்போது இருப்பது ஆவணக் குறை மட்டும்தான். அதற்குப் பணமும் நாட்களும் செலவாகும், அவ்வளவே. பொய் ஆவணம் போனால் விஷயம் ஆஸ்திரேலியாவின் 2015ஆம் ஆண்டு உயிர்ப்பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகிவிடும். சிறைத் தண்டனைக்கும் அதில் இடமுண்டு. பிற்பாடு இறக்குமதி அனுமதி கேட்கும்போது ‘நீங்கள் தகுதியான நபரா’ என்ற பரிசீலனையிலும் அது முன்னால் வந்து நிற்கும். சப்ளையர் செய்தார் என்பது உங்களைக் காப்பாற்றாது. பொய் என்று தெரிந்தே தாக்கல் செய்பவர் நீங்கள்.

இரண்டு குறைகளையும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டும் ஒரே வகை அல்ல.

கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்டது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வரும் சரிபார்ப்பு இலக்கம். சான்றிதழில் உள்ள தவறான எண் அந்தக் கணக்குக்குப் பொருந்தாவிட்டால் அது தட்டச்சுப் பிழை என்று காட்டுவது எளிது. பொருந்தினால் அது வேறொரு உண்மையான கன்டெய்னராகவே இருக்கலாம், அதிகாரியின் சந்தேகம் நியாயம்தான். எதுவானாலும் திருத்தும் உரிமை சப்ளையருக்கு இல்லை. மருந்தடித்த நிறுவனமே தன் பதிவேட்டைப் பார்த்து, மருந்தின் அளவு, நேரம், வெப்பநிலை எல்லாம் அப்படியே இருக்க, திருத்தம் என்று வெளிப்படையாகக் குறித்து, இன்றைய தேதியில் மறுசான்றிதழ் தர வேண்டும். அந்த நிறுவனம் ஆஸ்திரேலிய வேளாண் துறையின் பட்டியலில் இருக்கிறதா, இடைநீக்கம் செய்யப்பட்டுள்ளதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

பைட்டோ சான்றிதழ் விஷயம் கடினமானது. கேட்கப்படும் கூடுதல் வாசகம், மாதிரி எடுத்துச் சோதித்ததில் டிரோகோடெர்மா இன வண்டு (கப்ரா வண்டின் இனம்) உயிரோடோ, செத்தோ, உரித்த தோலாகவோ தென்படவில்லை என்று உறுதி சொல்வது. இந்திய தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரி சரக்கு புறப்படும் முன் அப்படிச் சோதித்திருந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். சோதனையே நடக்கவில்லை என்றால் இனி எந்தத் தாளாலும் அதை ஈடுகட்ட முடியாது. இங்கே சோதனை, சிகிச்சை, திருப்பி அனுப்புதல், அழித்தல் ஆகியவற்றில் அதிகாரி எதை அனுமதிக்கிறார் என்று உங்கள் சுங்க புரோக்கர் மூலம் எழுத்தில் கேளுங்கள். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. கப்ரா வண்டின் புழு, தீனியே இல்லாமல் கன்டெய்னர் தரைப் பலகையின் இடுக்கில் ஆண்டுக் கணக்கில் கிடக்கும். 2020இல் அது ஆஸ்திரேலியாவில் வெளிப்பட்டது குளிர்சாதனப் பெட்டிகள் வந்த கன்டெய்னரில். உணவுச் சரக்கில் அல்ல.

கிடங்குக்கு எடுத்துப் போக வேண்டாம். விடுவிப்பு வரும்வரை சரக்கு உயிர்ப்பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் உள்ளது. உத்தரவில் எழுதிய இடம் தவிர வேறெங்கும் நகர்த்துவதும், கன்டெய்னரின் முத்திரையை (சீல்) உடைப்பதும், வாடிக்கையாளருக்காக நாலு மூட்டையை மட்டும் இறக்குவதும் தனித்தனி மீறல்கள். துறைமுக வாடகை ஏறுகிறது என்றால், துறையின் அங்கீகாரம் பெற்ற கிடங்குக்கு மாற்ற உத்தரவு கேட்கலாம்.

செலவு: துறைக்கு முதலில் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள். சான்றிதழ் தருவது சப்ளையர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலோ மின்னஞ்சலிலோ இருந்தால், இன்றே குறையை எழுத்தில் தெரிவித்து, ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து வையுங்கள். சரியான தாளை வைத்துக்கொண்டு தவறாகப் பதிந்தவர் புரோக்கர் என்றால் அவரிடமும் கேட்கலாம். ஆனால் அவர்களுடைய நிபந்தனைத் தாளில் பொறுப்பு வரம்பு இருக்கும், முதலில் அதைப் படியுங்கள். கடல் சரக்குக் காப்பீடு பொதுவாகத் தாமத நஷ்டத்தை ஏற்காது.

அடுத்த கன்டெய்னருக்கு இந்த நிலை வராமலிருக்க, சப்ளையருக்குத் தரும் மீதித் தொகையை ஆவணங்களோடு முடிச்சுப் போடுங்கள். பைட்டோ, ஃபியூமிகேஷன் சான்றிதழ், பேக்கிங் டிக்ளரேஷன் (எதைக் கொண்டு பொதிந்தார்கள் என்ற உறுதிமொழி), இன்வாய்ஸ் நான்கின் ஸ்கேனும் கப்பலில் ஏற்றும் முன் உங்களுக்கு வர வேண்டும். இறக்குமதி நிபந்தனைகளைத் தரும் துறையின் பைகான் (BICON) இணையதளத்தில் அந்தப் பொருளுக்கான நிபந்தனையை அன்றைய நிலையில் எடுத்து, வாசகத்தை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். போன வருடத்துப் பிரிண்ட் உதவாது.

இன்வாய்ஸில் வெறும் ‘அரிசி’ என்று எழுத விடாதீர்கள். புழுங்கல் அரிசி, வறுத்த கடலை போல வெப்பத்தால் பதப்படுத்தி வணிக முறையில் பொதிந்தவற்றுக்குக் கப்ரா விதிகளில் விலக்கு உண்டு. ஆனால் பதப்படுத்திய விவரம் தாளில் இருந்தால்தான் அது கிடைக்கும். பச்சரிசிக்கு அந்த வழி இல்லை.

பேக்கிங் டிக்ளரேஷன் அதைத் தரும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், பெயர், கையெழுத்து, தேதியோடு, எல்லாக் கேள்விக்கும் பதிலோடு இருக்க வேண்டும். கையொப்பமில்லாத அடித்தல் திருத்தல் இருந்தாலே தாள் செல்லாது. வருடாந்திர டிக்ளரேஷன் என்றால் 12 மாதம் தாண்டியிருக்கக் கூடாது. மரப் பேலட்டில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (சர்வதேச விதிப்படி மரம் பூச்சி நீக்கப்பட்டதற்கான அடையாளம்) தெரிகிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மண்பானையை வைக்கோலில் சுற்றுவது நம் ஊர் வழக்கம், இங்கே வைக்கோல் தடை செய்யப்பட்ட பொதிபொருள். சப்ளையர் அன்பாகப் போட்டு அனுப்பும் தர்ப்பை, வரட்டி, பால் இனிப்பு எதுவானாலும் இன்வாய்ஸில் இல்லாதது உள்ளே இருக்கக் கூடாது. ஒரு அட்டைப்பெட்டிக்காக முழுக் கன்டெய்னரும் நிற்கும்.

இங்கே தாக்கல் செய்யும் இறக்குமதி டிக்ளரேஷனில் சரக்கு உண்மையில் இறக்கப்படும் இடத்தின் அஞ்சல் குறியீட்டையே கொடுங்கள். கிராமப்புறக் குறியீடு என்றால் கூடுதல் சோதனை உண்டு. அதைத் தவிர்க்க நகரக் கடை முகவரியைப் போடுவதும் பொய்த் தகவல்தான்.