இரண்டாம் நாள் கணக்கையும் எழுதட்டும்

அன்புள்ள அண்ணாச்சி,

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட மெதுவாக வற்றுமா என்று பள்ளிக் கண்காட்சிக்காகப் பார்க்கிறாள். மணக்குடிப் பாலத்தடியில் மொண்டுவந்த கடல்நீரை ஒரு தட்டிலும், கிணற்று நீரை இன்னொன்றிலும் ஊற்றி மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) வைத்தாள். முதல் நாள் கடல்நீர் குறைவாக வற்றியது. மறுநாள் கிணற்று நீர். "முதல் நாளை மட்டும் எழுது, அதுதான் சரியான விடை" என்கிறார்கள் வீட்டில். அவளுக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

வாசகர், ஈத்தாமொழி

அன்புள்ள தம்பி,

மகள் நினைப்பதுதான் சரி. இரண்டு நாளையும் எழுதட்டும். விடை முன்கூட்டியே தெரியும் என்பதற்காக ஒரு அளவை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தள்ளினால் பிறகு அங்கே பரிசோதனை என்று எதுவும் இல்லை.

ஏன் மாறியது என்பதுதான் கேள்வி. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது நீரின் ஆவி அழுத்தத்தை, அதாவது நீர் ஆவியாகிக் கிளம்பும் உந்துதலை, ஏறத்தாழ 2 சதவீதம்தான் குறைக்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வற்றும் வேகத்தில் வித்தியாசம் இன்னும் சற்றுக் கூடும். அப்படியும் 25 கிராம் வற்றும் இடத்தில் ஒன்றிரண்டு கிராம்தான். ஒரு தட்டின்மேல் கைப்பிடிச்சுவர் நிழல் அரைமணி நேரம் முந்தி விழுந்தாலோ, காகம் நாலு வாய் குடித்தாலோ அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். இன்னொன்று: மணக்குடியில் பழையாறு கடலில் கலக்கிறது. பாலத்தடியில் மொண்டது கடல்நீரா, காயல்நீரா என்பது கடல் ஏறி இறங்கும் ஓதத்தையும் மழையையும் பொறுத்தது. திறந்த கடற்கரையில் எடுங்கள்.

இனி செய்யும் விதம். விட்டமும் உயரமும் ஒன்றாக இருக்கும் ஆறு வட்டச் சில்வர் டப்பாக்கள் வேண்டும். 12 செ.மீ. விட்டம் போதும், 100 கிராம் நீர் ஊற்றினால் ஏறக்குறைய 9 மி.மீ. ஆழம் நிற்கும். மில்லியில் அளக்க வேண்டாம். 100 மில்லி கடல்நீர் சுமார் 102.5 கிராம் இருக்கும், கணக்கு குழம்பும். டிஜிட்டல் தராசில் நிறுத்து ஊற்றட்டும். காற்றில் தராசின் எண் ஆடும் என்பதால் மாடிப்படிக்குள் வைத்து நிறுக்க வேண்டும். டப்பாவின் அடியில் ஒட்டும் ஈரத்தைத் துடைக்காமல் நிறுத்தால் அதுவே ஒரு கிராம் காட்டும். எல்லா டப்பாக்களையும் ஒரே கொசுவலைத் துண்டால் மூடுங்கள்.

முதல் நாள் ஆறிலும் கிணற்று நீர் மட்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது, எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுவே. காலை பத்து முதல் இரண்டு வரை வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை கிராம் இழந்தது என்று பாருங்கள். ஒரே நீரிலேயே டப்பாவுக்கு டப்பா 4 கிராம் வேறுபட்டால், கடல்நீருக்கும் கிணற்று நீருக்கும் இடையே தெரியும் 2 கிராமை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதை அப்படியே எழுதலாம். அதுவும் ஒரு முடிவுதான்.

மறுநாள் மூன்றில் கிணற்று நீர், மூன்றில் கடல்நீர், ஒன்றுவிட்டு ஒன்றாக. அதற்கடுத்த நாள் இடங்களை மாற்றுங்கள். வித்தியாசம் அப்போதும் பிடிபடாவிட்டால் உப்பைக் கூட்டுங்கள்: 100 கிராம் நீரில் 20 கிராம். ஆவி அழுத்தம் எட்டில் ஒரு பங்கு குறையும், வீட்டுத் தராசுக்கே தெரியும். 36 கிராம்வரை கரையும் என்றாலும் அவ்வளவு போட வேண்டாம். நீர் வற்றியதும் உப்பு ஓரத்தில் படிந்து மேற்பரப்பை மாற்றிவிடும். அப்போது ஒரே நேரத்தில் இரண்டு காரணங்கள் மாறுகின்றன.

நோட்டில் பேனாவால் எழுதட்டும். நேரம், மேகம், காற்று, காகம், சிந்தியது எல்லாம் அங்கேயே, அப்போதே. தவறாக எழுதியதை ஒரே கோடு போட்டு அடித்தால் போதும். எது மெதுவாக வற்றும் என்று அவள் நினைக்கிறாளோ அதைத் தொடங்கும் முன்பே தேதியோடு எழுதிவைப்பது நல்லது.

முடிந்தால் புத்தளம் உப்பளத்துக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். உப்பளங்களில் நீரின் செறிவை மிதவைக் கருவியால் 'டிகிரி' பார்ப்பது வழக்கம்: கடல்நீர் 3 முதல் 3.5 வரை காட்டும், 25 தாண்டும்போது உப்பு படியத் தொடங்கும். அவளுடைய 20 கிராம் கரைசலைப் பாட்டிலில் எடுத்துப்போய், எத்தனை டிகிரி என்று அங்கே கேட்டு அந்த எண்ணையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளட்டும்.