வாசகர் கேள்விகள், எழுத்தாளர் பதில்கள்

ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது எம்ஆர்டியில் கைப்பேசியில் கவிதை எழுதி, இறங்குவதற்குள் ஃபேஸ்புக்கில் பதிவிட்டுவிடுகிறேன். விருப்பக்குறிகள் நிறையவே வருகின்றன. ஆனால் ஒரு மாதம் கழித்துப் படித்தால் எனக்கே பிடிப்பதில்லை. குறை எங்கே இருக்கிறது?
– வாசகி, தெம்பனிஸ்

ரயிலில் எழுதுவதில் குறையில்லை. தெம்பனிஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வரை உட்கார இடம் கிடைத்துவிட்டால், அதைவிட நல்ல எழுத்து மேசை சிங்கப்பூரில் கிடைப்பது அரிது. 'இறங்குவதற்குள்' என்கிறீர்களே, குறை அங்கேதான் இருக்கிறது. கதையை அஞ்சலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த காலத்தில் ஆசிரியரைத் திட்டிக்கொண்டே இருந்த எனக்கு, அந்தக் காத்திருப்புதான் கதையைத் திருத்தித் தந்தது என்பது மிகவும் தாமதமாகவே புரிந்தது.

பாட்டியின் மரணத்தைப் பற்றி இளவயதில் ஒரு கதை எழுதினேன். வாழ்க்கையைப் பேருந்து நிறுத்தத்தோடு ஒப்பிட்டு அதை முடித்தபோது, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். இரண்டு மாதங்களுக்குப் பிறகு நகலை எடுத்துப் படித்தால், அதற்கு முந்தைய வரியிலேயே, ஜன்னல் திட்டில் மூடி சரியாகத் திருகப்படாத கோடாலித் தைலப் புட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. கதை அந்தப் புட்டியோடு முடிந்துவிட்டிருந்தது. பேருந்து நிறுத்தம் நான் ஒட்டவைத்த வால். எழுதிய அன்று அந்த வால்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்று யாரும் நம்மைக் காக்க வைப்பதில்லை, ஆகவே நாமே காத்திருக்க வேண்டியிருக்கிறது. எழுதியதை இரண்டு வாரம் கைப்பேசியிலேயே கிடக்க விடுங்கள். பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்து, நாக்கு இடறும் இடத்தில் கை வையுங்கள்.

என் கவிதையை ஒருவர் என் பெயர் இல்லாமல் பொதுவில் வெளியிட்டிருக்கிறார். கேட்டால், 'இணையத்தில் இருந்ததுதானே' என்கிறார். நான் என்ன செய்யலாம்?
– வாசகர், ஈசூன்

இணையத்தில் இருப்பதாலேயே ஒரு படைப்பு ஊர்ச்சொத்து ஆகிவிடாது. சிங்கப்பூரில் காப்புரிமைக்காக எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. எழுதி முடித்ததுமே அது வந்துவிடுகிறது, எழுதியவர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பொதுவாக நீடிக்கிறது. 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்துவோர் படைத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. அதற்கு முன்போ, தவறான பெயரைப் போடுவதற்கு எதிராக மட்டுமே பாதுகாப்பு இருந்தது. முதலில் பண்பாக ஒரு செய்தி அனுப்பிப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலோர் சேர்த்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தேக்காவில் பூத்தொடுக்கும் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதிவிட்டீர்கள் என்பதற்காக வேறு யாரும் எழுதக் கூடாது என்று சட்டம் சொல்லாது. அது காப்பது உங்கள் சொற்களை, அந்தக் கருவை அல்ல.

கவிதையை இணையத்தில் வெளியிட்ட பிறகு இதழுக்கு அனுப்பலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

வெளிவராத படைப்புதான் வேண்டும் என்று பல இதழ்களும் போட்டிகளும் கேட்கின்றன. முதலில் இதழுக்கு அனுப்புங்கள்.

இணையம் வந்த பிறகும் நூல் அச்சிடுவது வீண் செலவு அல்லவா?
– வாசகர், தோ பாயோ

தமிழை இணையத்தில் ஏற்ற முன்கை எடுத்தவர்களில் நம் ஊர் நா. கோவிந்தசாமியும் ஒருவர் என்பதால், இணையத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1998இல் கணினியில் தட்டச்சு செய்த பன்னிரண்டு கதைகளை அண்மையில் திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூடத் தெரியவில்லை. தலையில் கொம்பும் அடியில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நின்றன. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி வெவ்வேறு எண்களில் அடுக்கி வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு ஊமையாகிவிடும். எழுத்துருவின் பெயரே எனக்கு மறந்துவிட்டதால், பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றும் செயலிகளை ஒவ்வொன்றாக முயன்று ஒன்பது கதைகளை மீட்டேன். மற்ற மூன்றையும் வெளியிட்டிருந்த இணைய இதழ் எப்போதோ முகவரியோடு மறைந்துபோயிருந்தது.

ஆனால் 1887இல் இங்கே தொடங்கிய 'சிங்கை நேசன்' வார இதழை இன்றும் நூலகத்தின் வழியாகப் படிக்க முடிகிறது. சிங்கப்பூரில் அச்சாகி வெளியிடப்படும் நூலின் இரண்டு பிரதிகளை, வெளியான நான்கு வாரங்களுக்குள் தேசிய நூலகத்துக்குத் தர வேண்டும் என்ற விதி இருப்பதால், உங்கள் நூலுக்கு வாசகரே கிடைக்காவிட்டாலும் ஒரு வீடாவது உறுதி. ஐந்நூறு பிரதி அச்சிட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கச் சொல்லவில்லை, ஐம்பது போதும். என் மூன்று கதைகளில் ஒன்று பின்னர் உறவினர் வீட்டு அலமாரியில், யாரோ அச்செடுத்து வைத்திருந்த தாளில் கிடைத்தது. ஓரத்தில் மளிகைப் பட்டியல் எழுதியிருந்தார்கள்.