சோக்கை தள்ளுனா நின்னு போற அவுட்போர்டு

கேள்வி: அண்ணே, எங்க ஃபைபர் போட்டுல 9.9 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட்டுக்கு பின்னாடி மாட்டுற எஞ்சின்). கார்த்திகை மழைக்கு கரையேத்துனோம், தை பொறந்து எடுத்தா ஸ்டார்ட் ஆகுது, ஆனா சோக்கை தள்ளுன உடனே நின்னுடுது, ஸ்லோவுல நிக்கவே மாட்டேங்குது. கிளீனர் ஸ்ப்ரேய கார்ப்ரேட்டர் வாயில அடிச்சும் பாத்தாச்சு. புது கார்ப்ரேட்டர் வாங்கிடவா?
— வாசகர், ஆறுகாட்டுத்துறை

பதில்: வாங்காதீங்க தம்பி. சோக்கு காத்தை குறைச்சு பெட்ரோலை கூட்டும், அதுல மட்டும் ஓடுதுன்னா பெட்ரோல் பத்தலைன்னு அர்த்தம், ஸ்லோவுல நிக்கலைன்னா பெரும்பாலும் பைலட் ஜெட், அதாவது ஸ்லோவுக்கு பெட்ரோல் விடுற சின்ன ஓட்டை, அடைப்புதான். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், தண்ணி அளவு மீறுனா எத்தனாலும் தண்ணியும் சேந்து பெட்ரோலை விட்டு பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும். கார்ப்ரேட்டர் கிண்ணத்துல நின்ன பெட்ரோலும் மாசக்கணக்குல ஆவியாகி பிசின் மாதிரி ஜெட்டுக்குள்ள ஒட்டிக்கும், வாயில அடிக்கிற ஸ்ப்ரே அங்க போய் சேராது, கழட்டித்தான் ஆகணும்.

முதல்ல பழைய பெட்ரோலை மொத்தமா வடிச்சுட்டு ஃபில்டரை பாருங்க. மிக்ஸ்சர் ஸ்க்ரூவ (ஸ்லோவுல காத்து, பெட்ரோல் கலவையை சரி பண்றது) கழட்டுறதுக்கு முன்னாடி மெதுவா உள்ள முறுக்கி எத்தனை சுத்து போச்சுன்னு எழுதி வச்சுக்கங்க, மாட்டுறப்ப அதே அளவுக்கு வெளிய எடுக்கணும், அழுத்தி இறுக்குனா நுனி கெட்டுடும். ஜெட்டை வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டை முழு வட்டமா தெரியணும். கம்பி விட்டு மட்டும் குத்தாதீங்க, அது பித்தளை, ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் மிக்ஸ்சிங் கணக்கே மாறிடும், உங்க வீட்லயே கெடக்கும் மெல்லிசு தங்கூசி நரம்பு (நைலான் தூண்டில் நரம்பு), அது போதும். ரப்பர், கிண்ணத்துல மிதக்குற ஃப்ளோட் எல்லாம் எடுத்து வச்சுட்டு பாடியில இருக்கிற ஒவ்வொரு சின்ன வழியிலயும் ஸ்ப்ரே அடிச்சு கம்ப்ரஸர் காத்து விடுங்க, கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம். கேஸ்கெட், ஓ ரிங், ஃப்ளோட் நீடில் புதுசு போட்டுடுங்க, ஃப்ளோட் உயரம் மட்டும் உங்க மாடல் புக்குல உள்ளபடி.

அதுவரைக்கும் சோக்கை இழுத்து வச்சுகிட்டு தொழிலுக்கு போகவே போகாதீங்க தம்பி. டூ ஸ்ட்ரோக்ல ஆயில் பெட்ரோலோட கலந்துதான் உள்ள வருது, வேகத்துல பெட்ரோல் விடுற மெயின் ஜெட்டும் அடைச்சிருந்தா பெட்ரோல் குறையுறப்ப ஆயிலும் குறைஞ்சு பிஸ்டன் பிடிச்சுக்கும், கோடியக்கரைக்கு வெளிய கரை தெரியாத எடத்துல அது நடந்தா யாரை கூப்புடுறது?

மாட்டி முடிச்சதும் டிரம்ல தண்ணி நிரப்பி அதுல ஓட்டிப் பாருங்க, தண்ணி இல்லாம ஓட்டுனா, எஞ்சினை குளுத்த தண்ணி இழுக்குற இம்பெல்லர் ரப்பர் போயிடும். அடுத்த மழைக்கு கரையேத்துறப்ப அதே டிரம்ல வச்சு பெட்ரோல் ஓஸை உருவிட்டு, கிண்ணம் காலியாகி எஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க.