கறிக்கோழி வளர்ப்புக் கூலியும் போட்டிச் சட்டமும்: கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களில் கம்பெனிக் குஞ்சு வாங்கிக் கூலிக்கு வளர்க்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என்னால் இயன்ற விடைகளை எழுதுகிறேன். நான் பல ஆண்டுகள் ஷெட் நடத்திவிட்டு வழக்கறிஞரானவன்.

கல்லலிலிருந்து ஒருவர்: அமெரிக்காவில் கோழி வளர்ப்போருக்குப் பணம் கிடைத்ததாகச் சொல்கிறார்களே, அது என்ன வழக்கு?

ஐயா, அங்கும் குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் கடனும் விவசாயியுடையவை. டைசன், பெர்டியூ, கோக், சாண்டர்சன், பில்கிரிம்ஸ் பிரைட் ஆகிய நிறுவனங்கள், அக்ரி ஸ்டாட்ஸ் என்னும் தகவல் நிறுவனத்தின் வழியாகத் தங்கள் கூலி விவரங்களைப் பகிர்ந்துகொண்டதோடு, ஒருவரிடம் வளர்ப்பவரை மற்றவர் இழுப்பதில்லை என்றும் உடன்பட்டுக் கூலியை அமுக்கின என்று 2017-இல் வளர்ப்போர் வழக்குத் தொடுத்தனர். தவறேதும் செய்யவில்லை என்று மறுத்தபடியே, நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சமரசத்துக்கு வந்தன. டைசன் 2.1 கோடி டாலரும், பெர்டியூ 1.475 கோடி டாலரும், கடைசியாக வந்த பில்கிரிம்ஸ் பிரைட் 10 கோடி டாலரும் தர இசைந்தன. கூலி குறைவாக இருந்ததே குற்றம் என்று அந்த வழக்கு சொல்லவில்லை. கூலிக்காகப் போட்டியிட வேண்டியவர்கள் கைகோத்தார்கள் என்பதே அதன் அடிப்படை என்பதை நாம் மறக்கக் கூடாது.

புதுவயலிலிருந்து ஒருவர்: எங்கள் பக்கம் எல்லாக் கம்பெனியும் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரே கூலிதான் தருகின்றன. வழக்குக்கு இது போதாதா?

போதாது. ஒருவர் தருவதைப் பார்த்து மற்றவரும் அதையே தருவது மட்டும் குற்றமாகாது. நிறுவனங்கள் கைகோத்துப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் நம் நாட்டின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கேட்பது உடன்பாட்டை. அது எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம், ஆனால் அதைக் காட்டும் தடயம் வேண்டும். எல்லாக் கம்பெனியும் ஒரே வாரத்தில் கூலியை மாற்றினவா? "பழைய கம்பெனியின் கடிதம் இல்லாமல் உங்களுக்குக் குஞ்சு இறக்க முடியாது" என்று வேறொரு கம்பெனியின் மேற்பார்வையாளர் சொன்னாரா? அந்தச் சொல் என்னிடமும் ஒருமுறை சொல்லப்பட்டது. வங்கித் தவணை கழுத்தை நெரித்த காலத்தில் அதன் பொருள் எனக்குப் புரியவில்லை, எழுதி வைக்கவுமில்லை என்பது இன்றும் வலிக்கிறது. நீங்கள் தேதியோடு குறித்து வையுங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி: தீவனம் மட்டமாக வந்தாலும், எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை கூடக் கோழி தின்னும் தீவனத்தின் அளவு) கூடிவிட்டது என்று எங்கள் கூலியில்தான் பிடிக்கிறார்கள்.

அம்மா, இது பெரும்பாலும் ஒப்பந்தத் தகராறு. போட்டிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் போட்டி ஆணையத்துக்குரியது அன்று. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவும் தகராறைத் தீர்க்கவும் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் வழி வகுத்துள்ளது. தீவன மூட்டை இறங்கும்போதே எடை போட்டு, ஓட்டுநரின் கையொப்பம் வாங்குங்கள்.

திருப்பத்தூரிலிருந்து ஒருவர்: கூலியை உயர்த்தும்வரை எவரும் குஞ்சு இறக்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போடலாமா?

இதில் மிகுந்த கவனம் தேவை, அண்ணே. விவசாயிகள் என்பதற்காக நம் போட்டிச் சட்டம் பொதுவான விலக்கு எதையும் தரவில்லை. விலையைத் தீர்மானிக்கும் சங்கங்களும் 3-ஆம் பிரிவுக்குள் வரலாம். ஒன்றுகூடி அரசிடம் மனு கொடுப்பதும், முத்தரப்புப் பேச்சைக் கோருவதும் ஒன்று. இறக்குபவரைத் தண்டிப்போம் என்று உறுப்பினரைக் கட்டிப்போடுவது வேறு. வலுவற்றவன் சேர்ந்து நிற்பதையும் வலுத்தவன் சேர்ந்து அமுக்குவதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சட்டம் மாறாத வரையில் தீர்மானத்தின் வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் நிறைவேற்றாதீர்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒருவர்: ஆணையத்துக்குப் போனால் இழந்த கூலி திரும்பக் கிடைக்குமா? எத்தனை காலத்துக்குள் போக வேண்டும்?

ஆணையம் நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும். அந்தப் பணம் உங்களுக்கு வராது. இழப்பீட்டுக்குத் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஆணையத்திடம் புகார் (சட்டச் சொல்லில் 'தகவல்') தருவதற்கு மூன்று ஆண்டுக் கெடு உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். ஆகவே பழைய பேட்ச் கணக்குச் சீட்டுகளை இந்த வாரமே தேடி எடுத்து, தேதிவாரியாக அடுக்குங்கள்.