பெர்னதெத் சொல்ல மறுத்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தெருமுனையில் ஒரு லூர்து மாதா கெபி (குகை வடிவச் சிற்றாலயம்) இருக்கிறது. மாதாவின் காலடியில் மண்டியிட்டிருக்கும் பெர்னதெத் என்ற சிறுமியின் சிலையைச் சின்ன வயதிலிருந்தே பார்த்துவருகிறேன். இப்போது மருத்துவம் படிக்கிறேன். ‘காட்சி கண்டேன்’ என்பவர்கள் நோயாளிகள், இல்லையென்றால் ஏமாற்றுக்காரர்கள் என்கிறார்கள் என் நண்பர்கள். பட்டினி, ஆஸ்துமா, இளம் வயது என்று எல்லாம் இருந்த பெர்னதெத்துக்குப் பிரமை வர வேறென்ன வேண்டும்? நீங்கள் ஏன் இவர்களை இவ்வளவு மதித்துப் பேசுகிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கேள்வியை, பிரான்சின் லூர்து ஊரில் பெர்னதெத் காட்சி கண்டதாகச் சொன்ன 1858லேயே கேட்டுவிட்டார்கள். அரசுத் தரப்பில் மூன்று மருத்துவர்கள் அவளைச் சோதித்தார்கள். பிரமையாக இருக்கலாம் என்று எண்ணினார்கள், ஆனால் அவளை அடைத்துவைக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. காட்சி கண்டதாகச் சொல்லும் எல்லோரையும் நான் மதிப்பதில்லை. அதே ஆண்டு லூர்திலேயே இன்னும் பலர் காட்சி, காட்சி என்று கிளம்பினார்கள். அவர்களை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பெர்னதெத்தை நான் மதிப்பது அவள் எதைப் பார்த்தாள் என்பதற்காக அல்ல, பார்த்ததற்கு மேல் ஒரு சொல்கூடச் சேர்க்க மாட்டேன் என்று நின்றதற்காக.

நொடித்துப்போன மாவு மில்காரரின் மகள். வயது 14. முன்பு சிறையாக இருந்த ஒற்றை அறையில் குடும்பமே குடியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது, வட்டார மொழி தவிர வேறு பேசவும் வராது. பிப்ரவரி 11 அன்று தங்கையோடும் ஒரு தோழியோடும் விறகு பொறுக்கப் போனாள். மற்ற இருவரும் வாய்க்காலில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டார்கள். குளிர்ந்த நீர் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்ற பயத்தில் இவள் மட்டும் தயங்கித் தயங்கிக் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். காற்று வீசும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தாள், மரங்கள் அசையவில்லை. மசபியேல் குகையின் மாடத்தில் வெள்ளை உடையில் ஒரு சிறுபெண்.

அவளை ‘அக்கேரோ’ என்றாள் பெர்னதெத். அந்த மொழியில் ‘அது’ என்று பொருள். மாதா என்று ஊரே முடிவுகட்டிய பிறகும் இவள் வாயில் ‘அது’தான். பெயரை எழுதித் தரும்படி காகிதமும் பேனாவும் நீட்டியபோது அது சிரித்ததாம். பதினைந்து நாள் இங்கே வந்துபோக மனம் வைப்பீர்களா என்று கேட்டதாம். ‘வருவீர்களா’ என்று! அந்தப் பிள்ளையை அதுவரை யாரும் ‘நீங்கள்’ என்று அழைத்ததில்லை. இதன் கனத்தை நமக்கு விளக்கத் தேவையில்லை. பிரமை என்றே வைத்துக்கொண்டாலும், எப்பேர்ப்பட்ட பிரமை!

போலீஸ் அதிகாரி ஜாக்கோமே அவள் சொன்னதை எழுதி, சோதிப்பதற்காக வேண்டுமென்றே மாற்றி வாசித்தார். “இல்லை ஐயா, நீங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள்” என்று ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பிப்ரவரி 25 அன்று, அது சொன்னபடி, கூட்டத்தின் முன்னால் மண்ணைத் தோண்டி, கலங்கல் நீரை மூன்று முறை கொட்டிவிட்டு நான்காம் முறை குடித்தாள். முகமெல்லாம் சேறு. பைத்தியம் என்று சிரித்தார்கள். ஏமாற்ற நினைப்பவர் யாராவது இப்படி ஒரு காட்சியை நடத்துவார்களா?

மார்ச் 25 அன்று பெயர் கிடைத்தது: “நாமே அமல உற்பவம்.” மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடி போய்ப் பங்குத்தந்தை பெய்ராமாலிடம் ஒப்பித்தாள். மரியா ஜென்மப் பாவமின்றிக் கருவானார் என்ற அந்தக் கோட்பாட்டைத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அறிவித்து நான்கு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்தச் சொல் கோயிலில் அவள் காதில் விழுந்திருக்கலாம், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதன் பொருள் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நம்பாதவர்களிடம், “உங்களிடம் சொல்லச் சொன்னார்கள், நம்பவைக்கச் சொல்லவில்லை” என்றாள். காசு கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாள். 1866இல் நெவேர் நகர மடத்தில் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். வேலை முடிந்ததும் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால்தானே வைப்பார்கள், என்னையும் அப்படித்தான் என்பாள். லூர்துக்குத் திரும்பவே இல்லை. 1879இல் 35 வயதில் இறந்தாள்.

லூர்தை விட்டுப் போகும் முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் சிற்பி ஃபாபிஷ் பளிங்கில் மாதா சிலை செய்தார். 1864இல் அதைக் குகையில் நிறுவினார்கள். ஊரே வியந்து நின்றது. பெர்னதெத் பார்த்தாள். அழகாக இருக்கிறது, ஆனால் இது அவர் இல்லை என்றாள். அவள் பார்த்தது தன் உயரமே இருந்த ஒரு சிறுபெண். சிலையோ வளர்ந்த பெண்மணி.

உங்கள் தெருமுனைக் கெபியில் இருக்கும் மாதாவும் அந்தச் சிலையின் சாயலாகத்தான் இருக்கும். அதன் காலடியில் கைகூப்பி மண்டியிட்டிருப்பவள், இது அவர் இல்லை என்று சொன்ன அதே பெண்.